மத்தியானப் பெரட்டு

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். விடியுமுன்னே, ஆபீஸுக்கு முன்னால் இருக்கிற திடலில் ஆண் பெண் எல்லாரும் வரிசையாக வந்து நிற்க வேண்டும். கங்காணி மாதிரி எங்களை மேய்க்கிற மண்டோர் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். கூப்பிட்ட ஆள் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வரவில்லையென்றால் மண்டோர் விடமாட்டார். "எங்க அவ? காய்ச்சலா? யாராச்சும் போய்க் கதவத் தட்டுங்க" என்பார். அதற்கப்புறம்தான் யாருக்கு எந்த மரம் என்று பிரித்துக் கொடுப்பது. பன்னிரண்டு வயதிலிருந்து அந்த வரிசையில் நின்றவள் நான். கொசுக்கடியிலும் தூக்கக் கலக்கத்திலும் நின்றபோதெல்லாம் அதைத் திட்டியிருக்கிறேன். அதன் அருமையை நான் தெரிந்துகொண்டது தோட்டத்தில் அல்ல. கோலாலம்பூரில், பல்கலைக்கழகத்து மாடிப்படி ஒன்றில்.

எங்கள் ரப்பர் தோட்டம் மந்தின் என்கிற சின்ன ஊரிலிருந்து உள்ளே தள்ளி மலையடிவாரத்தில் இருந்தது. கம்யூனிஸ்டுகளை அடக்க மலாயாவில் போட்ட அவசரகாலத்தின் கடைசி வருஷங்கள். நாடு சுதந்திரம் வாங்கிக் கொடியெல்லாம் ஏற்றியாகிவிட்டது. ஆனால் எங்கள் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றிப் போட்ட முள்கம்பி வேலி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. காட்டுக்குள் ஒளிந்திருந்த அந்தக் கம்யூனிஸ்டுகளுக்கு எங்கள் வீட்டுச் சோறு போய்விடக் கூடாது என்பதற்காகப் போட்ட வேலி அது. ஒரே ஒரு வாசல். பொழுது சாய்ந்தால் பூட்டிவிடுவார்கள். வாசலில் துப்பாக்கியோடு ஒரு மலாய்க்காரப் போலீஸ்காரர் நிற்பார். மாத்தா என்றுதான் கூப்பிடுவோம். வருஷக்கணக்காக எங்களுடனேயே இருந்ததில் அவருக்குத் தமிழ் நன்றாக வரும். வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் அவர் முன்னால் பையைத் திறந்து காட்டுவோம். ஒரு பிடி சோறுகூட வெளியே போகக் கூடாது. கோப்பியில்கூடச் சீனி போட்டுக் கொண்டுபோகக் கூடாது என்று ஒரு காலத்தில் இருந்தது. சோற்றுப் பொட்டலத்தோடு பிடிபட்ட ஒரு அண்ணனை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் யாரும் வெளியே சோறு கட்டிக்கொண்டு போனதில்லை. காலையில் தின்றுவிட்டுப் போவோம், திரும்பி வந்து தின்போம். அவ்வளவுதான்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். மழை இருட்டினால் பயம், இருட்டாவிட்டால் கிணறு வற்றிவிடுமோ என்று பயம். அம்மா என்னை "பயந்தாங்கொள்ளி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே எனக்குப் பாதிப் பேராகிவிட்டது. தம்பி பிறந்தபோது நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. பிள்ளைக்கு நெஞ்சில் சளி. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற ஆயாக் கொட்டகையில் விட அம்மாவுக்கு மனசில்லை. "நீ ஒரு மாசம் பார்த்துக்க" என்றார்கள். நான் அதற்கப்புறம் பள்ளிக்கூடம் போகவில்லை. எழுத்துக்கூட்டிப் படிப்பது மட்டும் விட்டுப்போகாமல் ஒட்டிக்கொண்டது. பிற்பாடு அப்பா இறந்து போனார். நானும் அம்மாவும் பால்மரம் சீவப் போய் வீட்டைப் பார்த்தோம். தம்பி தோட்டத்துப் பள்ளி முடித்து, சிரம்பானில் ஆங்கிலப் பள்ளி முடித்து, கோலாலம்பூரில் புதிதாகத் திறந்த பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கினான். சேதி வந்த அன்று லயத்தில் பாதிப்பேர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் பார்த்தேன். நெஞ்சுச் சளியோடு என் தோளில் கிடந்த பிள்ளை.

விடுதியில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. பினாங்கிலிருந்தும் கோத்தா பாருவிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கே அறை போதவில்லை, மந்தின்காரன் வீட்டிலிருந்து வந்து போகலாம் என்று சொல்லிவிட்டார்களாம். அதனால் தினமும் வேலி வாசல் திறக்கிற நேரத்துக்குச் சைக்கிளில் கிளம்புவான். மந்தினில் ஒரு சீனர் கடைப் பின்கட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு பஸ் ஏறுவான். கோலாலம்பூரில் இறங்கி இன்னொரு பஸ். பொழுது சாய்வதற்குள் வாசலுக்குள் வந்துவிட வேண்டும். அவன் சைக்கிள் மணி கேட்கிற வரைக்கும் நான் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

முதலில் நிறையச் சொல்வான். "அக்கா, புத்தகம் வச்சிருக்கிற கட்டடம் மட்டும் நம்ம ஸ்டோர் மாதிரி எத்தனை மடங்கு தெரியுமா?" என்பான். ஆயிரம் பேர் பேசுவதை நிறுத்திவிட்டு ஒரே ஆள் பேசுவதைக் கேட்கிற மண்டபத்தைப் பற்றிச் சொல்வான். நான் வாயைத் திறந்தபடி கேட்பேன். பிறகு பேச்சு குறைந்தது. மழைக்காலம் வந்தபோது சுத்தமாக நின்றுவிட்டது. வருவான், குளிப்பான், சாப்பிடுவான், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். எனக்குத் தோன்றாத பயமெல்லாம் தோன்றியது. எவளையாவது நினைத்துக்கொண்டிருக்கிறானோ, யாராவது அடித்துவிட்டார்களோ, காட்டுக்காரர்கள் வழியில் மறித்தார்களோ.

ஒருநாள் சாயங்காலம் சோற்றில் கை வைத்தபடி சொன்னான்.

"அக்கா, இந்தத் தவணையோட நின்னுக்கறேன். ஆபீஸ்ல சின்னக் கிராணி வேலை காலியாவுதாம். பெரிய கிராணி வரச் சொன்னாரு."

அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தோட்டத்தில் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா என்றால் சும்மாவா? வெள்ளைச் சட்டை, தனி வீடு. வெட்டுக்கத்தி பிடித்தவள் மகன் மேசையில் உட்கார்ந்து பேர் எழுதுவது. "மாரியாத்தா கண்ணத் திறந்துட்டா" என்றார்கள்.

நான் அவன் பக்கம் திரும்பினேன். "ஏண்டா? பாடம் புரியலியா?"

"பாடமெல்லாம் புரியுது."

"பின்ன என்னாத்துக்கு?"

அவன் சோற்றைப் பிசைந்தான். "அங்க என்னை ஒருத்தனுக்கும் தெரியாதுக்கா. விடுதிப் பிள்ளைங்க ஒண்ணாச் சாப்பிடுறானுங்க, ஒண்ணா விளையாடுறானுங்க. நாடகம், பேச்சுப் போட்டி எல்லாம் சாயங்காலம்தான். அப்ப நான் பஸ்ல இருப்பேன். நான் போனாலும் தெரியாது, போகாட்டியும் தெரியாது. பாடத்தை நோட்டுல எழுதிட்டு வர்றதுக்கு எதுக்கு இத்தனை தூரம்?"

"படிக்கத்தானடா போற, கூத்தாடவா?" என்றார்கள் அம்மா.

அவன் எழுந்து கை கழுவப் போனான். தவணை முடிய அதிக நாள் இல்லை. என் கண்ணுக்கு முன்னால் அந்தப் பெரிய புத்தகக் கட்டடம் அப்படியே மூடிக்கொள்வது போல இருந்தது. நான் பார்த்ததுகூடக் கிடையாது. ஆனாலும் அது எங்கள் வீட்டின் ஒரு பக்கம் போல எனக்கு ஆகியிருந்தது.

பால்மரக் காட்டில் மழை பெய்தால் வேலை இல்லை. மரம் நனைந்தால் பால் கோப்பைக்குப் போகாமல் பட்டையில் வழிந்துவிடும். அடுத்த வாரம் ஒருநாள் பெரட்டில் நிற்கும்போதே பிடித்துக்கொண்டது மழை. மண்டோர் கலைத்துவிட்டார். எல்லாரும் முக்காடு போட்டுக்கொண்டு லயத்துக்கு ஓடினார்கள். தம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தான். எனக்கு என்ன வந்ததென்று தெரியாது. "நில்லுடா, நானும் வர்றேன்" என்றேன்.

"எங்க?"

"நீ போற எடத்துக்கு."

"அக்கா, அங்கெல்லாம்..."

"ஏன், அக்காவக் கூட்டிட்டுப் போனா கேவலமா?"

"இல்லக்கா. பஸ்ல உனக்கு வாந்தி வரும்."

வந்தது. செமினி ஊரைத் தாண்டுவதற்குள் வந்தது. அதை விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. புல் வெட்டிய மேடுகள், அவற்றின் மேலே வெள்ளை வெள்ளையாகக் கட்டடங்கள், இன்னும் சுண்ணாம்பு வாசம் போகாத சுவர்கள். சுவரில் பாதி கண்ணாடி. அந்தக் கண்ணாடி வழியாக மழைக்கு அந்தப் பக்கம் வரிசை வரிசையாகப் பிள்ளைகள் குனிந்து எழுதுவது தெரிந்தது. நான் தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டு, பையைத் திறந்து கையில் தயாராகப் பிடித்தபடி நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் தம்பி திரும்பிப் பார்த்தான்.

"பைய ஏன் திறந்து வச்சிருக்க? மழை விழுது பாரு."

"கேட்டு வருமே."

"என்ன கேட்டு?"

"உள்ள போற கேட்டு. காட்டணுமில்ல?"

"உள்ளதான்க்கா இருக்கோம். வந்து எவ்வளவு நேரமாச்சி!"

நான் சுற்றிப் பார்த்தேன். வேலி இல்லை. முள்கம்பி இல்லை. துப்பாக்கி பிடித்தவர் ஒருவரும் இல்லை. ரோடு எங்கே முடிந்தது, அந்த இடம் எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவே இல்லை. பிள்ளைகள் பாட்டுக்குப் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் நாலா பக்கமிருந்தும் வந்துகொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் நிறுத்தவில்லை. பத்து வருஷமாக வேலிக்கு உள்ளே இருந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது கூசியது. அழுகை வந்துவிட்டது. மழையில் தெரியாது என்று நினைத்தேன். தம்பிக்குத் தெரிந்திருக்கும்.

புத்தகக் கட்டடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். தரை கண்ணாடி போலப் பளபளத்தது. சேறான செருப்போடு ஏற எனக்கு மனசு வரவில்லை. வாசல்படி ஓரமாகக் கழற்றி விட்டுவிட்டு வெறுங்காலோடு போனேன். உள்ளே அத்தனை பேர் இருந்தும் மூச்சு விடுகிற சத்தம்தான். அலமாரிகள் நிரை நிரையாகப் போய்க்கொண்டே இருந்தன, எங்கள் மரங்கள் போல, ஆனால் எல்லாவற்றிலும் புத்தகம். ஒவ்வொன்றையும் ஒரு ஆள் உட்கார்ந்து எழுதியிருப்பார் என்று எண்ணியபோது கால் நகரவில்லை. ஒரு புத்தகத்தின் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். தம்பி அதை எடுத்துக் கையில் கொடுத்தான். "திறந்து பாரு, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றான். நான் திறக்கவில்லை. கை ஈரமாக இருந்தது.

வெளியே வந்தபோது என் செருப்பு விட்ட இடத்தில் இல்லை. போச்சு, களவு போய்விட்டது, வெறுங்காலோடு பஸ் ஏற வேண்டியதுதான் என்று பதறினேன். பார்த்தால், யாரோ சாரல் படாத சுவரோரத்தில் ஒதுக்கி, ஜோடி சேர்த்து வைத்திருந்தார்கள்.

மத்தியானம் மணி அடித்ததும் பிள்ளைகள் திமுதிமுவென்று வெளியே வந்து, கூட்டம் கூட்டமாக விடுதிப் பக்கம் சாப்பிடப் போனார்கள். ஒருவன் தோளில் ஒருவன் கை போட்டுக்கொண்டு, ஒரே குடைக்குள் நாலு பேராக. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் காலியாகிவிட்டது. தம்பி என்னைக் கட்டடத்தின் பின்பக்கம் இருந்த அகலமான மாடிப்படிக்குக் கூட்டிப்போனான். குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தான். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சாப்பாடு?"

"காசு பஸ்ஸுக்கே சரியாப் போவுது. சாயங்காலம் வீட்டுலதானே."

"தெனமும் இப்படியேவா?"

"நீயும் வேலைக்காட்டுல இப்படித்தான இருக்க?"

நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அப்போதுதான் மற்றவர்களைப் பார்த்தேன். படியின் மேல் முனையில் ஒரு சீனப் பையன், மடித்த குடையை மடியில் வைத்துக்கொண்டு ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். கீழே தூணுக்குப் பின்னால் ஒரு மலாய்ப் பையன். கால்சட்டை ஓரத்தில் செம்மண் தெறித்திருந்தது. எதிர் வராந்தாவில் பாவாடை சட்டை போட்ட ஒரு தமிழ்ப் பெண், மூடிய தூக்குச்சட்டியோடு. இன்னும் தள்ளி இரண்டு மூன்று பேர். ஆளுக்கொரு மூலை. எல்லாரிடமும் குடை, எல்லார் செருப்பிலும் வழிச்சேறு, எல்லாரும் நிமிஷத்துக்கு ஒருதரம் மணி பார்த்தார்கள். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. இவர்களும் பஸ் பிள்ளைகள்.

"அவங்கெல்லாம் யாருடா?"

"தெரியாதுக்கா."

"தெனமும் பார்ப்பியா?"

"பார்ப்பேன். இங்கதான் இருப்பாங்க."

"பேரு?"

"தெரியாதுன்னு சொல்றேன்ல."

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சும்மா கேட்கவில்லை, நிஜமாகவே பயந்துதான் கேட்டேன். "ஏண்டா, உங்களுக்குப் பெரட்டு கிடையாதா?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான். எத்தனையோ நாளைக்கப்புறம், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "பெரட்டா! யுனிவர்சிட்டில பெரட்டு! மண்டோர் வந்து கூப்பிடணுமா?"

"சிரிக்காத. ஒருநாள் வழியில பஸ் கவுந்து நீ கீழ கிடந்தா இங்க யாருக்குத் தெரியும்? அந்தக் குடைக்காரப் பையன் நாளைக்கு வரலன்னா யாரு கதவத் தட்டுவா? நம்ம தோட்டத்துல குடிச்சிட்டுக் கிடக்கிறவனைக்கூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடுறாங்க. இவ்வளவு படிச்சவங்க எடத்துல கூப்பிட ஒரு ஆள் இல்லியா?"

அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் சத்தமாகப் பேசிவிட்டேன் போலிருக்கிறது. தூக்குச்சட்டிப் பெண் எழுந்து எங்கள் பக்கம் வந்தாள். "உங்கட தம்பியோ?" என்றாள். யாழ்ப்பாணத்துத் தமிழ். காஜாங்கில் அவள் அப்பா ரயில்வேயில் கிளார்க்காம். "நான் நெடுகப் பாக்கிறனான். இவர் மத்தியானம் ஒண்டும் சாப்பிடுறேல்லை. விரதமோ எண்டு நினைச்சன்."

"விரதமில்லம்மா. எங்க தோட்டத்து வாசல்ல சோறு வெளிய விட மாட்டாங்க. சட்டம்."

அவள் கண்ணை அகல விரித்தாள். "இன்னுமோ? எங்கட பக்கம் அதை எப்பவோ எடுத்திட்டினமே."

"உங்க பக்கம் எடுத்திருப்பாங்க. நாங்க காட்டோரம்."

அவள் சட்டியைத் திறந்தாள். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். மூடியில் வைத்து என்னிடம் நீட்டினாள். நான் தயங்கியதும், "உங்கட செருப்பை எடுத்து வைச்சது நான்தான். அதுக்காகவெண்டாலும் சாப்பிடுங்கோ" என்றாள். நான் ஒரு வாய் தின்றேன். தம்பி ஒரு வாய் தின்றான். சீனப் பையன் மேல்படியிலிருந்து எட்டிப் பார்த்தான். அவ்வளவுதான் அன்று நடந்தது. மணி அடித்தது, எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஒரே நினைப்பு. வேலி வாசலில் மாத்தாவிடம் பையைத் திறந்து காட்டிக்கொண்டே பயந்து பயந்து கேட்டேன். "மாத்தா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இந்தச் சோத்துச் சட்டம் எப்ப எடுப்பாங்க?"

அவர் என் பையை எட்டிப் பார்த்தபடியே சொன்னார். "சோறு சட்டமா? அது போய்டுச்சி லா. லாமா சுடா! ரொம்ப நாளு ஆச்சி."

"என்னாது? பின்ன ஏன் தெனமும் பையைப் பாக்குறீங்க?"

"நீங்க தெறந்து காட்டுறீங்க, நான் பாக்குறேன். தெறந்து காட்டினா பாக்காம எப்படி? மரியாதை இல்ல லா." அவர் துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டார். "நான் நெனச்சேன், தமிழாளுங்களுக்குப் பையைக் காட்டறது ஒரு பழக்கம் போல."

தம்பி சைக்கிளைப் பிடித்தபடி நின்றவன் அப்படியே குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மாத்தாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பார்க்கிறார் என்று நாங்கள் காட்டினோம், நாங்கள் காட்டுகிறோம் என்று அவர் பார்த்தார். சட்டத்தை எடுத்துவிட்டதாக ஆபீஸ் வெளிச்சுவரில் எப்போதோ ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்களாம், அதை மழை கரைத்துவிட்டதாம். ஒரு தோட்டமே மத்தியானப் பட்டினியைச் சட்டமென்று நம்பிக்கொண்டு இத்தனை நாள் மரம் சீவியிருக்கிறது. அன்று சாயங்காலம் லயத்தில் இதைச் சொன்னபோது பாதிப்பேர் நம்பவில்லை. ஒரு அக்கா, "நீங்க மொதல்ல கொண்டுபோங்க, மாத்தா உங்களப் புடிக்கலன்னா நாங்க கொண்டுபோறோம்" என்றார்.

மறுநாள் விடியுமுன் எழுந்து சோறு வடித்தேன். கருவாட்டுக் குழம்பு, கங்கோங் கீரை. பெரிய தூக்குச்சட்டியாக எடுத்து அமுக்கி அமுக்கி நிரப்பினேன்.

"ஒரு ஆளுக்கு எதுக்குடி இவ்வளவு? பிடிச்சாங்கன்னா காட்டுக் கும்பலுக்குச் சோறு கொண்டு போறான்னு சொல்லுவாங்க" என்று அம்மா கையை உதறினார்கள்.

"கும்பலுக்குத்தாம்மா" என்றேன். எனக்கே என் வாயிலிருந்து வந்தது ஆச்சரியமாக இருந்தது.

பெரட்டுத் திடலிலிருந்து எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மண்டோர்கூடப் பேர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். தம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்த் தூக்குச்சட்டியைத் திறந்து காட்டினான். மாத்தா குனிந்து மோந்து பார்த்தார். "கருவாடா? எனக்கு?" என்றார். ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கையை ஆட்டி அனுப்பிவிட்டார். வரிசையில் நின்ற பெண்கள் "ஓ" என்று கத்தியது மலையில் போய்த் திரும்பியது.

அன்று சாயங்காலம் அவன் காலிச் சட்டியோடு வந்தான். கேட்க எனக்குப் பயம். அவனே சொன்னான். அந்தப் படியில் நின்றுகொண்டு கூப்பிட்டிருக்கிறான். பேர் தெரியாதே, அதனால் ஊரைக் கூப்பிட்டிருக்கிறான். "காஜாங்!" என்றானாம். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே "இருக்கிறன்" என்றாளாம். "மந்தின்!" என்று அவனையே கூப்பிட்டு அவனே "இருக்கேன்" என்றானாம். மற்றவர்கள் இவனுக்குப் பைத்தியம் என்று பார்த்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து மேல்படியிலிருந்து சீனப் பையன் குடையைத் தூக்கி, "ரவாங்! அடா!" என்றானாம். அடா என்றால் மலாயில் இருக்கேன். பிறகு தூணுக்குப் பின்னாலிருந்து, "பந்திங்."

"கருவாடு எப்படி?" என்று கேட்டேன்.

"பத்தலக்கா."

அம்மா இரண்டு நாள் கழித்து, "கிராணிகிட்ட என்னா சொல்ல?" என்று மட்டும் கேட்டார்கள். தம்பி, "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துச் சொல்றேம்மா" என்றான். அந்தக் கொஞ்ச நாள் எனக்கு எப்படிப் போனதென்று சொல்ல முடியாது. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டி காலியாக வருகிறதா என்று பார்த்தேன். தவணையும் முடிந்தது. அடுத்த தவணைக்கு அவன் கிளம்புவானா மாட்டானா என்பதுகூட எனக்கு நிச்சயமில்லை. தவணை தொடங்கிய அன்று காலை அவன் சைக்கிள் வாசலைத் தாண்டிய பிறகுதான் நான் மூச்சு விட்டேன். கிராணி வேலைக்கு லுக்குட்டிலிருந்து வேறொரு பையன் வந்தான்.

அந்தப் படியில் பெரட்டு வளர்ந்தது. கிள்ளான் வந்தது, செப்பாங் வந்தது. ஒருநாள் ரவாங் குரல் கொடுக்கவில்லையாம். மறுநாளும் இல்லை. மூன்று பேர் பஸ் ஏறி ரவாங்குக்கே போய்ப் பார்த்திருக்கிறார்கள். அவனுக்கு டைபாய்டு. ஒரு மாசப் பாடத்தை ஆளுக்குக் கொஞ்சமாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தம்பி அதைச் சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. கதவைத் தட்டிவிட்டார்கள்! படித்த பிள்ளைகள் பஸ் ஏறிப்போய்க் கதவைத் தட்டியிருக்கிறார்கள்!

விடுதிப் பிள்ளைகளும் வேடிக்கை பார்க்க வர ஆரம்பித்தார்கள். பேச்சுப் போட்டி நடத்துகிறவர்கள் வந்து, "உங்கள்ல யாராச்சும் சேரலாமே" என்றார்களாம். தம்பி, "சாயங்காலம்னா முடியாது. மத்தியானம் வைங்க, முழுப் பெரட்டும் வரும்" என்றிருக்கிறான். அவர்கள் யோசித்துவிட்டு, வாரத்தில் ஒருநாள் மத்தியானம் வைத்தார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் பெரட்டு மறுபடி கலைந்தது. நான் மறுபடி பஸ் ஏறினேன். இந்த முறை வாயில் இஞ்சி. பையைத் திறந்து பிடிக்கவில்லை, ஆனாலும் வேலி இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் பேச்சுப் போட்டி. அவன் முதலில் சொன்ன அதே மண்டபம். படிப்படியாக உயர்ந்துபோகும் இருக்கைகள், கடைசி வரிசை கூரையைத் தொடும் போல. காஜாங் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைத்தாள். செருப்போடுதான் போனேன்.

தம்பி எழுந்து பேசினான். ஆங்கிலம். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அத்தனை பேர் பேச்சை நிறுத்தியது புரிந்தது. அவன் கை ஆட்டுவது அப்பா கை ஆட்டுவது போலவே இருந்தது. ஒரு இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இன்னொரு இடத்தில் ஒருவரும் அசையவில்லை, வெளியே மழை பெய்வது கேட்டது. என் தோளில் மூச்சுவிட முடியாமல் கிடந்த பிள்ளையின் குரல் அந்தப் பெரிய மண்டபத்தின் கடைசிச் சுவர்வரைக்கும் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. இது நிஜம்தானா என்று என் முழங்காலை நானே கிள்ளிப் பார்த்தேன்.

ஜெயித்தானா என்று கேட்பீர்கள். இல்லை, விடுதிப் பிள்ளை ஒருவன்தான் ஜெயித்தான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. முடிந்ததும் எல்லாரும் பின்பக்கப் படிக்கு வந்தார்கள். இப்போது படி கொள்ளாத கூட்டம். தூக்குச்சட்டிகளைத் திறந்து நடுவில் வைத்தார்கள். தம்பி மேல்படியில் ஏறி நின்று, எங்கள் மண்டோரைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டான்.

"காஜாங்!"

"இருக்கிறன்."

"ரவாங்!"

"அடா!" இளைத்துப் போயிருந்தான். ஆனால் குடையைத் தூக்கினான்.

"கிள்ளான்! பந்திங்! செப்பாங்!"

ஒவ்வொரு மூலையிலிருந்தும் குரல் வந்தது. கடைசியில், "மந்தின்!" என்றான். அவனே பதில் சொல்வான் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவன் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். காஜாங் என் முதுகில் மெதுவாகக் குத்தினாள். அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின.

மூன்றாம் வகுப்பில் ஒரு மாசத்துக்கென்று நின்றவள் நான். ஆனால் பன்னிரண்டு வயதிலிருந்து பழகிய நாக்கு தானாகவே சொல்லிவிட்டது.

"இருக்கேன்."

படியே அதிரும்படி கை தட்டினார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. மழை விட்டுக்கொண்டிருந்தது. பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவோமோ, வாசலைப் பூட்டிவிடுவார்களோ என்று நான் மணி பார்க்க ஆரம்பித்திருந்தேன். என்னோடு சேர்ந்து அத்தனை பேரும் மணி பார்த்தார்கள்.